சாதியிலார் பாட்டும் தனித்தமிழார் கடனும்

தாம்பரம் சானடோரியம் தொடரி நிலையத்தை அடுத்து, நடுவணரசின் சித்த மருத்துவ நிறுவனம் 2005-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. அதனைச் சேர்ந்த மருத்துவமனைக்கு இட்ட பெயர் 'அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவமனை' என்பது. நாள்தோறும் செங்கற்பட்டிலிருந்தும் வண்டலூரிலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் வந்து, குடிநீரும் பொடியும் எண்ணெயும் வாங்கிச் செல்லும் எளிய மக்களுள் எத்துணைப் பேர் அப்பெயரை ஏறிட்டுப் பார்த்திருப்பர்? பார்த்தவருள் எத்துணைப் பேர், 'இவர் யாவர்?' என வினவியிருப்பர்? தமிழ்நாட்டில் பெரியோர் பெயரைப் பலகையில் எழுதி மாட்டிவிட்டால், அவரைப் பற்றி மேலும் அறிய வேண்டுவதில்லை என்னும் வழக்கம் வேரூன்றிவிட்டது.

அயோத்திதாசர் 1845-இல் பிறந்து 1914-இல் மறைந்த சித்த மருத்துவர், தமிழ்ப் புலவர், இதழாளர். 1907-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் கிழமையிதழைத் தொடங்கியவர். ஒடுக்கப்பட்ட மக்கள் இம்மண்ணின் தொல்குடியினர் என்றும், சாதி அவர்கள்மேல் பின்னாளில் சுமத்தப்பட்டது என்றும் ஓயாது எழுதியவர். குடிக்கணக்கெடுப்பில் அவர்கள் தம்மைச் 'சாதிபேதமற்ற' மக்களாகப் பதிந்துகொள்ள வேண்டும் என வற்புறுத்தியவர். அவர் கண்ட அக்கருத்து, அவர் மறைந்து நூறாண்டுக்கு மேலான பின், நூலகத்தை விட்டு வெளியேறி இசைமேடை ஏறியது. ஏற்றியவர்கள் பேராசிரியர்கள் அல்லர். அரசு அமைத்த குழுவினரும் அல்லர். வடசென்னையின் தெருக்களிலும் இழவு வீடுகளிலும் கொட்டும் பாட்டும் பயின்ற இளைஞர்களே அதனைச் செய்தனர்.

திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்து நிறுவிய நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து 2017-ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் இசைக்குழுவை உருவாக்கினர். 19 பேர் கொண்ட அக்குழு 2018 சனவரி 6-ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்திலுள்ள பெயின் பள்ளித் திடலில் முதன்முறை பாடியது. அந்நாள் மார்கழி எனப்படும் சிலைத் திங்களைச் சேர்ந்தது. மயிலாப்பூர் அவைகளில் பருவக் கச்சேரிகள் நிகழும் அதே திங்களில், கீழ்ப்பாக்கத் திடலில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் பறையும், சட்டியும், கட்டமோளமும், தவிலும், கித்தாரும், மேனாட்டு முழவுகளும் ஒருசேர முழங்கின. கானாப் பாட்டும் சொல்லிசையும் மேனாட்டு மின்னிசையும் ஒன்றோடொன்று கலந்தன. இடவொதுக்கீட்டின் நயன்மையைப் பாடினர்; மாட்டிறைச்சி உண்பவனை இழிவாகப் பார்ப்பவனை நோக்கி வினா எழுப்பினர்; வடசென்னை மக்களின் வாழ்வைப் பாடினர். தமிழிசை மேடை பன்னெடுங் காலமாகக் கேளாதிருந்த செய்திகள் இவை.

இக்குழுவின் பெயர் 'தி காசுட்லெசு கலெக்டிவ்'. தனித்தமிழ் அன்பர்க்கு முதலில் நெஞ்சில் தைக்கும் முள் இதுவே. அயோத்திதாசரின் தமிழ்க் கருத்தினின்று பிறந்த பெயர், ஆங்கில உடை உடுத்து மேடைக்கு வந்தது. தமிழில் பிறந்த ஒன்றைத் தமிழர் முன்னிலையில் தமிழரே பாடுகையில், அதற்கு ஆங்கிலப் பெயர் எற்றுக்கு? 'சாதியிலார்' என்னும் ஒரு சொல்லே போதுமன்றோ? இக்குறை மெய்யான குறையே. அன்பினால் அதனை மறைப்பது அக்குழுவிற்குச் செய்யும் நன்மை ஆகாது. வெளிநாட்டார்க்கு விளங்கவேண்டும் என்பது விடையானால், வெளிநாட்டார் தத்தம் குழுக்களுக்குத் தமிழர்க்கு விளங்கும் பெயரையா இட்டுக்கொள்கின்றனர்? பெயர் விளங்காவிடினும் இசை விளங்கும். இசை விளங்கியபின் பெயரையும் கேட்டறிவர்.

ஆயினும், இக்குறையைக் கூறிவிட்டுப் பாட்டைக் கேளாமலே எழுந்து போகும் தனித்தமிழார் சிலர் உளர். 'கானா என்னும் சொல்லே தமிழன்று. அவர்கள் பாடும் மொழி கொச்சை. ஆங்கிலமும் உருதும் தெலுங்கும் கலந்த சேரிமொழி. இதில் தமிழுக்கு என்ன ஆக்கம்?' என்பது அவர்தம் கூற்று. இக்கூற்றை நிறுத்தி ஆராய்தல் வேண்டும். ஏனெனில், இதில் ஒரு பாதி மெய். மறு பாதி பெரும்பிழை.

மெய்யான பாதி இது: கலப்பு, கலப்பே. துறைமுகத்தை ஒட்டிய ஊரில், ஆங்கிலப் படைவீடும் உருதுக் கடைத்தெருவும் தெலுங்குக் குடியிருப்பும் சூழ்ந்த இடத்தில், பல மொழிச் சொற்கள் வந்து புகுந்தன. அவை புகுந்ததனால் நல்ல தமிழ்ச் சொற்கள் பல வழக்கு வீழ்ந்தன. இதை இல்லை என்பார் இலர்.

பிழையான பாதி இது: கொச்சை என்னும் இழிபெயரை யார்க்கு இடுவது என்பதில் நடுநிலை இல்லை. வடசொல் நூற்றுக்கு எண்பது கலந்து எழுதியவர்க்கு 'மணிப்பிரவாள நடை வல்லார்' என்னும் மதிப்பு வாய்த்தது. ஆங்கிலம் பாதி கலந்து பேசும் அலுவலர்க்குப் 'படித்தவர்' என்னும் பெயர் கிடைக்கின்றது. மூட்டை தூக்கும் ஏழை மகன் இரண்டு உருதுச் சொல் கலந்து பாடினால் மட்டும் அது கொச்சையாகிவிடுகின்றது. கலப்பு ஒன்றே, கலந்தவனின் பிறப்பைப் பார்த்துப் பெயர் மாறுகின்றது. இவ்வாறு மாறுமாயின், அங்கே அளக்கப்படுவது மொழித்தூய்மை ஆகாது, சாதியே அளக்கப்படுகின்றது. தனித்தமிழ் என்னும் பெயரால் அவ்வளவுகோலைக் கையில் எடுப்பவன், தான் எதிர்ப்பதாகக் கூறும் பகைக்கே ஏவல் செய்கின்றான். அயோத்திதாசரின் இதழ்ப் பெயரிலேயே 'பைசா' என்னும் அயற்சொல் முன்னின்றது. அதனை முன்னிட்டு அவ்விதழில் இருந்த தமிழ்ப்பற்றை எவரேனும் மறுப்பரோ?

தென்சென்னையின் புறநகர், தனித்தமிழ் வரலாற்றில் சிறப்பிடம் பெற்ற நிலம். கல்லூரியில் தமிழ்க் கல்விக்கு இடங்குறைந்தபோது 1911-இல் பணி துறந்து, பல்லாவரத்தில் குடியேறியவர் மறைமலையடிகள். வேதாசலம் என்னும் தம் பெயரை அங்கேதான் மறைமலை என மாற்றினார். சமரச சன்மார்க்க நிலையத்தைப் பொதுநிலைக் கழகம் ஆக்கினார். 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்தார். 1950-இல் மறையும் வரை அவர் வாழ்ந்தது அவ்வூரிலேயே. அவர் முன்னர்ப் பணியாற்றிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது. அவ்வழி வந்த பாவலரேறு பெருஞ்சித்திரனாரின் நினைவைத் தாங்கும் தமிழ்க்களம் மேடவாக்கத்தில் உள்ளது. பல்லாவரமும் தாம்பரமும் 2021 முதல் ஒரே மாநகராட்சி. தனித்தமிழின் ஊரும், அயோத்திதாசரின் பெயர் தாங்கிய மருத்துவமனையும் ஒரே நகரெல்லைக்குள், ஒரே தொடரித் தடத்தில், சில நிலையங்களின் இடைவெளியில் நிற்கின்றன. இடையிலுள்ள அச்சில நிலையத் தொலைவைத் தனித்தமிழ் அன்பர் அனைவரும் கடந்துவிட்டனரா என்பதே இன்றைய வினா.

மறைமலையடிகள் கடந்தவர். 'சாதி வேற்றுமையும் போலிச் சைவரும்' என்னும் நூலை எழுதியவர் அவர். சொல்லில் புகுந்த அயன்மையை நீக்குவதும் குமுகாயத்தில் புகுந்த ஏற்றத்தாழ்வை நீக்குவதும் இருவேறு பணிகள் என அவர் கருதவில்லை. அவர்தம் சொற்பட்டியலை மட்டும் போற்றி, அந்நூலைப் பேழைக்குள் பூட்டி வைப்பார் அவர் வழியினர் ஆகார். அவர் பெயரைப் பலகையில் மாட்டியவராகவே எஞ்சுவர்.

பறையின் வரலாறும் இதையே கற்பிக்கின்றது. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்குமுரிய கருப்பொருள்களை எண்ணுங்கால் பறையையும் ஒன்றாக எண்ணினார். குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்திற்கு நெல்லரி கிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி எனப் புலவர் வகுத்தனர். பறையில்லாத் தமிழ்நிலம் ஒன்றும் இல்லை என்பது இதன் பொருள். புறநானூற்றில் மாங்குடி கிழார் சிறந்த குடிகள் நான்கினை எண்ணுகையில், துடியனோடும் பாணனோடும் கடம்பனோடும் பறையனையும் சேர்த்தே எண்ணினார். 'பறைதல்' என்னும் வினைக்குச் 'சொல்லுதல்' என்பது பொருள். அப்பொருள் மலையாளத்தில் இன்றும் நாள்வழக்கில் உள்ளது. சொல்லும் கருவி என்பதாற் பெயர்பெற்ற ஒன்றைச் சாவுக்குரிய கருவியாகச் சுருக்கி, அதனை அடிப்பவனை ஊருக்கு வெளியே நிறுத்தி, அவன் குடிப்பெயரையே வசையாக்கியது பின்னாளைய கொடுமை. செந்தமிழ்ச் சொல் ஒன்றை இழிசொல்லாக ஆக்கியதைக் காட்டிலும் தமிழுக்குச் செய்யத்தக்க தீங்கு வேறு யாது? இத்தீங்கை நீக்காமல் வடசொற் பட்டியலை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பது, கூரை எரிகையில் திண்ணையை மெழுகுவதற்கு ஒப்பாகும்.

1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய காலத்துப் போராட்டம் பெரிது. தெலுங்கும் வடமொழியும் ஆண்ட மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடங்கேட்ட அவ்வெழுச்சியை எந்தத் தமிழனும் மறத்தலாகாது. ஆனால் அது பாட்டின் மொழிக்காக எழுந்த போராட்டம். பறை கொட்டுபவனை மேடைக்கு அழைப்பது அதன் குறிக்கோளாக இருந்ததில்லை. எஞ்சிநின்ற அப்பணியையே 2018-இல் கீழ்ப்பாக்கத்தில் கூடிய இளைஞர்கள் கையில் எடுத்தனர். இரண்டாண்டு கழித்து 2020-ஆம் ஆண்டு திசம்பரில் நீலம் பண்பாட்டு மையத்தார் 'மார்கழியில் மக்களிசை' என்னும் விழாவைத் தொடங்கினர். அவ்விழாவின் பெயர் தமிழில் அமைந்தது காண்க. தமிழ்ப் பெயரிட்டதனால் மக்கள் கூட்டம் குறைந்துவிடவில்லை.

தூய்மையின் பெயரால் பாட்டைப் புறக்கணிப்பார்க்கு மேனாட்டிலும் ஒரு பாடம் உண்டு. அமெரிக்காவில் பாப் திலன் என்னும் பாவலர் வெறுங் கித்தாரும் வாயிசைக் கருவியும் கொண்டு நாட்டுப்பாடல் முறையில் பாடிப் புகழ்பெற்றவர். அவர் 1965 சூலை 25-ஆம் நாள் நியூபோர்ட்டு நாட்டுப்பாடல் விழாவில் மின்கித்தார் ஏந்திப் பாடியபோது, கூடியிருந்தோருள் பலர் கூச்சலிட்டு எதிர்த்தனர். நாட்டுப்பாடலின் தூய்மை கெட்டதென்பது அவர்தம் சினம். அதே பாவலர்க்கு 2016-இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. கருவி மாறியதால் பாட்டின் உயிர் போய்விடவில்லை. ஆனால் இதே வரலாற்றில் இன்னொன்றும் காணத்தக்கது: திலன் கருவியை மாற்றினாரே ஒழியத் தம் மொழியை மாற்றவில்லை. பறையோடு கித்தார் சேர்வதில் தனித்தமிழார்க்கு வருத்தம் வேண்டுவதில்லை. பறையோடு தமிழ் சேர்ந்தே நிற்கவேண்டும் என்பதே வேண்டுகோள்.

இனி, இக்குழுவினர் கடந்துவந்த பாதையின் கரடுமுரடுகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கானா ஆடவர்க்கே உரியது என்றிருந்த நிலையில், அக்குழுவில் பாடிய இசைவாணி என்னும் பெண் அதனைத் தமதாக்கிக் கொண்டார். 2020-இல் பி.பி.சி. நிறுவனம் உலக அளவில் தெரிந்தெடுத்த 100 பெண்டிர் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. உலகம் பாராட்டிய அப்பெண்ணைத் தமிழ்நாட்டில் சிலர் எவ்வாறு நடத்தினர்? பெண்டிரின் கோயில் நுழைவைத் தொட்டுச் சில ஆண்டுகட்கு முன் அவர் பாடிய பாட்டு ஒன்றை 2024 நவம்பரில் தோண்டியெடுத்து, அவர்மேல் முறையீடுகள் கொடுத்தனர். இணையத்தில் வசைமாரி பொழிந்தனர். பாடலின் கருத்தோடு மாறுபடுவார் மாறுபடலாம், மறுத்து எழுதலாம். பாடிய பெண்ணை அச்சுறுத்துவது மறுப்பாகாது. அப்போது தமிழ் அமைப்புகளுள் எத்துணை அவர் பக்கம் நின்று குரல் கொடுத்தன என்பதை ஒவ்வோர் அமைப்பும் தன் நெஞ்சையே கேட்டுக்கொள்ளல் நன்று.

அரக்கோணத்து இளைஞர் அறிவு, இக்குழுவில் சொல்லிசை பாடி வெளிப்பட்டவர். 2021 மார்ச்சில் வெளிவந்து கடல்கடந்து ஒலித்த 'என்சாய் எஞ்சாமி' என்னும் பாட்டின் சொற்கள் அவருடையவை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வே அப்பாட்டின் வேர். 1964-இல் இந்திய, இலங்கை அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கையில், 5,25,000 தோட்டத் தமிழர் இந்தியாவிற்கு அனுப்பப்பட வேண்டுமென முடிவாயிற்று. அம்மக்களை எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்கப்படாத அம்மக்களின் வழிவந்த பேரன் பாடியபோது உலகமே கேட்டது. அப்பாட்டில் ஆங்கிலச் சொல் ஒன்று தலையில் ஏறி அமர்ந்திருப்பினும், அதன் உடல் முழுவதும் நிலமும் பயிரும் பறவையும் பற்றிய நாட்டுப்புறத் தமிழ்.

ஆனால் நிகழ்ந்தது யாது? 2021 ஆகத்தில் 'ரோலிங்கு சுடோன்' இசையிதழின் இந்தியப் பதிப்பு, அப்பாட்டின் வெற்றியையும் எடுத்துக் கூறிய அட்டையில் அறிவின் படத்தை இடவில்லை. கண்டனம் எழுந்தபின்னரே அவர்க்கென இணைய அட்டை ஒன்று வெளியிடப்பட்டது. 2022 சூலை 28-இல் சென்னையில் நிகழ்ந்த உலகச் சதுரங்கப் போட்டித் தொடக்க விழாவில் அப்பாட்டு அவரில்லாமலே பாடப்பெற்றது. 2024 மார்ச்சில், அப்பாட்டின் இசையமைப்பாளர் சந்தோசு நாராயணன், மூன்றாண்டாகியும் அதனால் தமக்கு ஓர் உருவாவும் வந்து சேரவில்லை எனப் பொதுவெளியில் வருந்தினார். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டுக்கு இந்நிலை. பாட்டைக் கட்டியவன் பெயரும் மங்குகின்றது. கூலியும் வாராது போகின்றது. உழவன் விளைத்ததை வணிகன் விலை பேசும் பழைய கதை, இசையிலும் மாறவில்லை.

இவ்விடத்தில் தமிழ் அமைப்புகளுக்குச் செய்யத்தக்க பணிகள் பல உள்ளன. இப்பாவலர் நம்பியிருப்பது இரண்டினை: ஒன்று, திரைப்படத்துறையின் வாய்ப்பு, மற்றொன்று, அயல்நாட்டு இணைய நிறுவனங்களின் தயவு. குழுவை உருவாக்கிய தென்மா, இரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' என்னும் 2022-ஆம் ஆண்டுத் திரைப்படத்திற்கு இசையமைத்தார். பிறரும் தத்தம் வழியே தனித்தனியே சென்றுளர். இதில் குறைகூற ஒன்றுமில்லை, வயிறு உண்டன்றோ? ஆனால் ஊர்தோறும் தமிழ்மன்றங்கள் தங்கள் ஆண்டு விழாவில் ஒரு மாலையை இவர்களுக்கு ஒதுக்கி, உரிய கூலியை முன்னரே தந்து அழைத்தால், இவர்கள் முதலாளியர் வாயிலில் காத்துநிற்க வேண்டியதில்லை. பட்டிமன்றத்துக்கும் வாழ்த்தரங்குக்கும் பணம் சேர்க்கத் தெரிந்த மன்றங்களுக்கு இது அரிய செயலன்று.

அடுத்து, தமிழாசிரியர் கடன். தாம்பரம், பல்லாவரம், சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர்ப் பள்ளிகளில் தமிழ் கற்பிப்போர், தொல்காப்பியத்தின் கருப்பொருளைக் கற்பிக்கும் நாளில் ஒரு பறையை வகுப்பறைக்குள் கொண்டுவருதல் வேண்டும். அதனை அடிக்கத் தெரிந்த மாணவன் ஒருவன் அவ்வகுப்பில் பெரும்பாலும் இருப்பான். அவன் இதுவரை அதனை மறைத்து வைத்திருப்பான். அன்று அவன் ஆசிரியனாக முன்னே நிற்கட்டும். அந்த ஒருநாட் பாடம், சாதியொழிப்புப் பற்றிய நூறு கட்டுரைப் போட்டிகளை விஞ்சி நிற்கும்.

மூன்றாவதும் கடினமானதும், மொழி பற்றியது. பாடகரை மேலிருந்து திருத்த முற்படுவார் தோற்பர். அவர்களோடு அமர்ந்து பாட்டுக் கட்டுவார் வெல்வர். சேரித் தமிழில் அயற்சொல் உள்ளதுபோலவே, எந்த அகரமுதலியிலும் ஏறாத நல்ல தமிழ்ச் சொற்களும் உள்ளன. மீன்பிடிப்போர், தோல் பதப்படுத்துவோர், சுமை தூக்குவோர், நாற்று நடுவோர் நாவில் வாழும் சொற்களைத் தொகுக்கப் புறப்படும் தனித்தமிழன், கொடுக்கப் போன இடத்தில் பெற்றுக்கொண்டு திரும்புவான். சொல் கொடுப்பதும் கொள்வதும் ஒப்பானவர்க்கிடையே நிகழ்வது. ஒப்பை ஏற்காதவன் கொடுக்கும் சொல்லை எவரும் வாயில் இட்டுக்கொள்ளார்.

இசைக்குழுவினர்க்கும் ஒரு சொல் உண்டு. இவர்கள் எவர் கருத்தைப் பெயராக ஏந்தினரோ, அப்பெரியார் தமிழனென்னும் பெயரையே இதழின் பெயராக ஏந்தியவர். ஒடுக்கப்பட்டோர் மொழி தமிழ் என்றும், தமிழைக் காத்தவர் அவர்களே என்றும் நிறுவ முயன்றவர். ஆங்கிலப் பெயரால் உலகமேடை கிட்டியிருக்கலாம். தமிழ்ப் பெயரால்தான் அவ்வரலாற்று உரிமை முழுதும் கைக்கு வரும். சாதியை மறுப்பவர் தம் மொழியை மறுக்க வேண்டுவதில்லை. அதை மீட்கவே அவர்க்கு முதலுரிமை உண்டு.

தனித்தமிழ் என்பது சொல்லைத் தூற்றிப் பொறுக்கும் முறம் மட்டுமே ஆனால், அதில் எஞ்சுவது அகரமுதலி ஒன்றே. மக்களைப் பிரிக்கும் பதரையும் அதே முறம் புடைத்து வெளியேற்றுமானால், எஞ்சுவது ஓர் இனம். பல்லாவரத்தில் தொடங்கிய பணி, அயோத்திதாசர் பெயர் தாங்கும் வாயிலையும் கடந்து, பறையடிக்கும் இளைஞன் வீட்டுத் திண்ணைவரை சென்றாக வேண்டும். அத்திண்ணையில் தனித்தமிழ் அன்பர் அமர்ந்து ஒரு குவளை நீர் வாங்கிப் பருகி, ஒரு பாட்டையும் முழுதாகக் கேட்கும் நாளில்தான், அவ்விளைஞன் தன் குழுவிற்கு ஏன் தமிழ்ப்பெயர் இடவேண்டும் என்பதை அவனிடம் கேட்கும் தகுதி தமிழார்வலர்க்கு உண்டாகும்.

அதுவரை, குறை அவன் பெயரில் பாதி. கேளாத செவியில் பாதி.